கடிபட்ட பாதி

முழுப் பழம் சந்தைக்கு, வௌவால் கடித்தது வீட்டுக்கு. கல்யாணமாகி வந்த வாரமே தாயம்மைக்கு அந்த வீட்டு வழக்கம் பிடிபட்டுவிட்டது. விடிந்ததும் கொய்யா மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழம் ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, இரண்டாகப் பிட்டு, கடிபட்ட பாதியை அவளிடம் நீட்டுவார் பொன்னுலிங்கம்.

"எந்தப் பக்கம் இனிக்கும்னு வௌவாலுக்குத் தெரியும்ட்டி."

அவள் பல் தடத்தின் மேலேயே கடித்துக்கொண்டு சிரிப்பாள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் அவர்கள் இருவருடைய காலைகள் அப்படித்தான் தொடங்கின.

இப்போது தாயம்மை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறாள். முகத்தை முழுக்க மூடியிருந்த நர்ஸ் கேட்டாள், "வௌவால் கடிச்ச பழம் ஏதாவது சாப்பிட்டாங்களா ஐயா?"

"தெனமும். நாந்தான் குடுப்பேன்." பொன்னுலிங்கம் கண்ணாடியைப் பார்த்தபடி, "மரத்த இன்னைக்கே வெட்டிப் போடுதேன்" என்றார்.

"வேண்டாம் ஐயா. எரை இல்லன்னா வௌவால் கலைஞ்சு ஊர் ஊராப் போகும், நோயும் கூடவே போகும். நீங்க வீட்டிலேயே தனியா இருங்க. விழுந்த பழத்த மட்டும் தொடாதீங்க."

மறுநாள் விடியலில் மரத்தடியில் ஒரு பழம் கிடந்தது. தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குனிந்தார். துடைத்தார், பிட்டார். கடிபட்ட பாதியோடு கை தானாக நீண்டது. வாங்க ஆளில்லாமல் வெகுநேரம் அப்படியே நின்றது.

பிறகு, கடிபடாத பாதியைக் கீழே போட்டுவிட்டு, கடிபட்டதை வாய்க்குக் கொண்டுபோனார்.