திருந்திய பொலிஸ்

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தியோடு லக்சன் நார்த்மீட்டில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்தான்.

"என்ன காரணம் சொன்னவை?" என்று அக்கா மயூரா பதறினாள்.

"ஊரிலை பொலிஸ் திருந்திட்டுதாம், பயமில்லாமல் திரும்பிப் போகலாமாம். ஆரோ நிபுணர் நேரிலை பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறாராம்."

"உன்ரை கையை முறிச்ச பொலிஸோ திருந்தினது? எழுதினவன் நாசமாப் போக!"

அவள் கணவர் இந்திரகுமார் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"அத்தான், நீங்கள் இந்த நாட்டு அரசாங்கத்தின்ரை திட்டத்திலை அங்க போய்ப் பொலிசுக்குப் பயிற்சி குடுத்தனீங்கள்தானே? அப்பீலிலை எனக்காக வந்து உண்மையைச் சொல்லுவீங்களோ?"

"வாறன்," என்றார் இந்திரகுமார். "பொலிஸ் திருந்தேல்லை எண்டு எழுதினால் பயிற்சித் திட்டத்தை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்ட பயத்திலை நான் எழுதின அறிக்கை அது, பொய்யெண்டு சொல்லுறன்."

மயூராவை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.