கை எட்டாத இடம்

"மறுபடியும் வந்துட்டாங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள் ஒயர் மேடம்.

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர். வருகிறவர்களின் தலையில் ஒயர்களை ஒட்டி, இருட்டு அறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைப்பாள். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறி மாறித் துள்ளும். கண் பார்ப்பது மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று மெஷினில் ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே வந்தது தையல்காரம்மா. அறுபது வயசிருக்கும்.

"ஊசியில நூல் கோக்க முடியல மேடம். ஒரே மங்கல்."

"போன தடவையும் இதே பாட்டுதான் பாடினீங்க. கோடு அட்டகாசமா வந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான்."

"இப்ப ரொம்ப மோசம்மா."

வெளியே பெஞ்சில், நிஜமாகவே பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒரு மனுஷன் காத்துக்கிடக்கிறார். இந்தம்மா என்னடாவென்றால் சும்மா வந்து நடிக்கிறாள்! ஒயர் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டியதுதான்.

முடியைப் பிரித்து, பசை வைத்துத் தோலைத் தேய்த்து, ஒயரை அழுத்தி ஒட்டினாள். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"ஐயோ, இல்ல இல்ல. நிதானமா பண்ணுங்க. அவசரமே இல்ல."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. கண்ணைத் திறந்து நடுவுல இருக்கிற சிவப்புப் புள்ளியையே பாருங்க."

தையல்காரம்மாவின் ஒரு கண்ணை மறைத்துக் கோட்டைப் பார்த்தாள். அடுத்த கண்ணை மறைத்துப் பார்த்தாள். கோடு ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

"அம்மா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. இனிமே உங்களுக்கு இந்த டெஸ்ட் எழுத வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். எதுக்கு இந்த நாடகம்? இது என்ன பொழுதுபோக்குற இடமா?"

தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"சொல்லிடாதீங்க மேடம்."

"ஏன்?"

"முதல் தடவை நிஜமாவே மங்கலா இருக்குன்னுதான் வந்தேன். தோளு, கை, இடுப்புன்னு நாள் பூரா நான்தான் எல்லாரையும் தொட்டுத் தொட்டு அளவெடுக்கிறேன். என்னை யாரு தொடறா? வீட்டுக்குப் போனா நானும் நாலு சுவரும்தான். அன்னிக்கு நீங்க என் தலையைப் பிடிச்சு, முடியை ஒதுக்கி... எத்தனையோ வருஷம் கழிச்சு என் தலையில ஒரு கை பட்டுச்சு மேடம். அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்."

எப்போதும் ஒயர்களை வெடுக்கென்று பிடுங்குகிற ஒயர் மேடம், இப்போது ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த பசையை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தாள்.

"தப்புதான். இனிமே வரமாட்டேன்" என்று எழுந்தாள் தையல்காரம்மா.

"நில்லுங்க. திங்கக்கிழமை காலையில உங்க தையல் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்துக்கு. ஏன்?"

"அன்னிக்கு முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி, மெஷின் சரியா இருக்கான்னு நல்ல கண்ணு உள்ள ஒருத்தரை உட்கார வெச்சுப் பார்க்கணும். வாராவாரம் நானேதான் உட்கார்றேன்."

"இனிமே நான் உட்காரவா?" பட்டென்று முகம் மலர்ந்தது.

"ஒரு வாரம் நீங்க உட்காருங்க. நான் ஒட்டி விடறேன்."

"அடுத்த வாரம்?"

ஒயர் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அடுத்த வாரம் நீங்க எனக்கு ஒட்டி விடுங்கக்கா. பின்னந்தலைக்கு என் கை சரியா எட்டறதில்ல. ஒட்டி விடவும் எனக்கு யாரும் இல்ல."