தரை தெரியும்வரை

"ஒரு கல்லைத் தொட்டுப் பாரு, அப்புறம் உனக்குக் கை இருக்காது!"

கரும்பாறை மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த கஹிந்தோ போட்ட சத்தத்தில், பொக்லைன் ஓட்டியவன் இயந்திரத்தையே நிறுத்திவிட்டான். சைட் இஞ்சினியர் பலூமே தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினான்.

எரிமலைக் குழம்பு ஓடி வந்து, கோமா நகரத்தின் இந்தப் பக்கம் முழுவதும் ஆளுயரப் பாறையாக இறுகிக் கிடந்தது. அடியில் இருந்ததெல்லாம் வீடுகள். எது யாருடையது என்று குடியிருந்தவர்கள் சொன்னால்தான் தெரியும்.

"அக்கா, இந்தக் கல்லுலதான் புது ஆபீஸ் கட்டறோம். செங்கல் வேணாம், சூளைக்குக் காட்டை வெட்ட வேணாம். பசுமைக் கட்டடம். நல்ல காரியம்க்கா."

"பசுமையா? என் வீட்டை விழுங்கின கல்லு உனக்குப் பசுமையாத் தெரியுதா? நாலு பிள்ளைங்களோட நான் தார்ப்பாய்க்குள்ள கிடக்கேன். ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. உங்க ஆபீசுக்கு மட்டும் கல்லு, கண்ணாடி, பூந்தொட்டி! எனக்குன்னு மிச்சம் இருக்கறது என் மனை ஒண்ணுதான். செத்தாலும் விட மாட்டேன்!"

சொந்தக்காரர் தடுத்த இடத்தில் கல் எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. பலூமே பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, பக்கத்து இடம் யாரோடது?" என்றான்.

கஹிந்தோ முகத்தைச் சுளித்தாள்.

"அதுவா? ஏரி மீன் விக்கிற ஒரு வாயாடியோட இடம். அங்கே வேணா எடு. ஆனா மேலாப்புல எடுத்துட்டுப் போயிடு தம்பி. தரை வரைக்கும் வழிச்சுக் குடுத்துடாதே. நான் தார்ப்பாய்க்குள்ள வேகறேன், அவ நோகாம வீடு கட்டுவாளா? என் வயிறு எரியும்!"

பலூமேவுக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்கும் ஆகாது, அடுத்தவளுக்கும் ஆகக் கூடாதா? என்ன ஜென்மம் இவள்!

"தரை தெரியற வரைக்கும் எடுங்கடா!" என்று கத்தினான். "ஒரு சில்லுகூட மிச்சம் இருக்கக் கூடாது!"

தினமும் அவள் வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து திட்டினாள். "பாவி, மூலையையும் வழிச்சிட்டியா? அந்த ஓரமாவது கிடக்கட்டும், விட்டுத் தொலை!" அவள் திட்டத் திட்ட, பலூமே அந்த ஓரத்தையும் சேர்த்தே எடுக்கச் சொன்னான். கடைசி லாரி கிளம்பியபோது சிமென்ட் தரை பளிச்சென்று தெரிந்தது. எது சமையலறை, எது படுக்கையறை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?" என்றான் இளக்காரமாக.

கஹிந்தோ எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, அந்தத் தரையின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். சாலைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பிள்ளைங்களா, வாங்க! நம்ம வீடு வெளிய வந்தாச்சு!"

பலூமே அவளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். "இது... அந்த மீன்காரியோட இடம்னீங்களே?"

"நான்தான் அந்த மீன்காரி. போன மாசம் உங்க ஆபீஸ் வாசல்ல நின்னு, என் மனையில கிடக்கிற கல்லை எடுத்துக்குங்கன்னு கெஞ்சினேன். மிஷின் வாடகையைக் கட்டிட்டு வான்னு விரட்டினாங்க." அவள் குரல் தாழ்ந்தது. அத்தனை நாள் போட்ட சத்தத்தில் இல்லாத கோபம் அதில் இருந்தது. "கெஞ்சினா காசு கேக்கறீங்க. என் வயிறு எரியும்னா ஓசியிலயே செஞ்சு குடுக்கறீங்க!"

"அப்போ இத்தனை நாளா நீங்க காவல் இருந்த இடம்?"

"அதுவா? தெருவோட பொதுக் கக்கூஸ்."