இடம் பார்த்து

காய்ச்சல் வந்து விழுந்த முப்பது மாடுகளில் எழுந்து நின்றது ஒன்றுதான்: விற்றுத் தொலை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காத்தாயியின் உதைகாலிப் பசு. அதனிடம் ரத்தம் எடுக்கப்போன ஆராய்ச்சியாளர் மெர்சிக்குப் புறங்கை நீலமாகக் கன்றிப்போனது. அவளுடைய ஆய்வகத்தில், அந்தக் காய்ச்சல் கிருமியின் உடம்பை ஆயிரம் துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டைப் போர்த்திக்கொள்ளும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள் தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருந்தன. பசுவின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரையும், அது பற்றிக்கொண்ட இடத்தை நீலமாக்கும் சாயத்தையும் அவற்றின்மேல் ஊற்றினாள். ஒரு புள்ளி மட்டும் நீலமானது. மறுநாள் காத்தாயியை வரவழைத்துத் தட்டை நீட்டினாள். “உங்க பசுவோட ரத்தம் மத்த எல்லாத்தையும் விட்டுட்டு கிருமியோட இந்த ஒரு துண்டைத்தாம்மா பிடிச்சிருக்கு. தடுப்பூசிக்கு இதைத்தான் முதல்ல சோதிக்கப்போறோம்.” காத்தாயி குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பிடித்திருந்த கையின் நீலத்தையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். “அவ கண்டபடி உதைக்கறவ இல்ல டாக்டரம்மா. இடம் பாத்துத்தான் உதைப்பா.”