பசை காயும் வரை

"கையை எடுத்தீங்கன்னா அவ்வளவுதான்!"

மாமனார் போட்ட அதட்டலில் மருமகனின் கைகள் இன்னும் விறைத்தன. திருடப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவன் போல இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி அந்தப் பழைய பிக்கப் வண்டிக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளக்கூட வழியில்லை.

அவன் வந்தது வேறு காரியத்துக்கு. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மனைவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தான். மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"அவ மாடி ரூமை விட்டே இறங்கல, உங்க முகத்தையே பார்க்க மாட்டேங்கறா மாப்பிள்ளை. இன்னிக்கு வேண்டாம், கிளம்புங்க."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவனைத்தான் மாமனார் பிடித்துக்கொண்டார். மாடி ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி, அதன் உட்கூரைத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார் அவர். ஒரு காலத்தில் நீலமாக இருந்த துணி. வெளுத்துச் சாம்பல் நிறமாகி, தொப்பை விழுந்து, ஓட்டுகிறவர் தலையில் உரசத் தொடங்கியிருந்தது. அதைக் கிழித்தெடுத்து, மாவாக உதிர்ந்த ஸ்பாஞ்சைச் சுரண்டி, பசையும் தடவியாகிவிட்டது.

"சும்மாதானே போறீங்க? ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் பிடிங்க. புதுத்துணி ஒட்டற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். விட்டா மொத்தமும் தலையில விழும்."

மாமனார் ஒரு பாதியைத் தாங்கினார், மருமகன் மறு பாதியை. தோள் கடுத்தது. முழங்கையில் சிந்தியிருந்த பசைத்துளி பொருக்குத் தட்டி முடியைப் பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"காஞ்சிருக்குமா மாமா?"

"அதுக்குள்ளயா? புழுக்கமா இருக்கில்ல, லேசுல காயாது. அது இருக்கட்டும், வேலை போனதை என் பொண்ணுகிட்ட ஏன் மறைச்சீங்க?"

மருமகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து ஓட முடியாது. முகத்தை மூடிக்கொள்ளவும் கை இல்லை.

"தைரியம் வரல மாமா" என்று முனகினான்.

"காதுல விழல. சத்தமா சொல்லுங்க!"

"தைரியம் வரலன்னேன்!"

"தினமும் அவ கட்டிக்குடுத்த சாப்பாட்டைத் தூக்கிக்கிட்டு எங்கதான் போனீங்க?"

"காலையில வேலை கேட்டு அலைவேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருப்பேன். அங்கதான் சாப்பிடுவேன்."

"இன்னும் சத்தமா!"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. மனுஷன் வேலையும் வாங்கிக்கொண்டு மானத்தையும் வாங்குகிறாரே என்று மருமகனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணியைத்தான் அழுத்த முடிந்தது.

வாசற்படியில் நின்ற மாமியார் தனக்குள் முணுமுணுத்தாள். "இதுக்கு வேற நேரமே கிடைக்கலையா இவருக்கு?"

"கிடைக்கல. நீ உள்ள போ" என்றார் மாமனார், திரும்பிப் பாராமலே. பிறகு மருமகன் பக்கம் கண்ணை உருட்டினார். "அவகிட்ட என்ன சொல்லணும்னு வந்தீங்களோ, அதை எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க. வாய்க்குள்ளயே பேசாதீங்க."

இனி அவளைப் பார்க்கவே விடமாட்டார்கள் என்று மருமகனுக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது. எப்படியும் போகப்போகிறோம், சொல்லிவிட்டாவது போவோம் என்று வாய்விட்டுக் கத்தினான்.

"வேலை போன அன்னிக்கு அதைச் சொல்லத்தான் மாமா வீட்டுக்கு ஓடி வந்தேன். அவ சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்தா. அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு பயந்துட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். இப்ப சிரிப்பும் போச்சு, அவளும் போயிட்டா. நான் பண்ணது தப்பு மாமா. மறைச்சிருக்கக் கூடாது."

கண்ணீர் வழிந்து தாடைக்கு இறங்கியது. துடைத்துக்கொள்ள முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள்தான். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. வண்டிக்குள் எட்டி, கையிலிருந்த துண்டால் அவன் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அவன் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்க இறங்குங்க. நான் பிடிச்சுக்கறேன்."

மாமனார் நகர, அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளையும் தூக்கித் துணியை அழுத்தினாள்.

"பஸ் ஸ்டாண்டுல தண்ணிக்கு என்ன பண்ணீங்க?" என்றாள் மெல்ல.

"குழாய்லதான் பிடிச்சுக்குவேன்."

"அது குடிக்கிற தண்ணியா? அறிவிருக்கா உங்களுக்கு?"

அவள் திட்டத் திட்ட அவனுக்கு மூச்சு வந்தது.

மாமனார் தோளை நீவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். மாமியார் பதற்றத்தோடு அவர் காதருகே வந்தாள்.

"என்னங்க, ரெண்டும் இன்னும் எவ்வளவு நேரம் இப்படிக் கையைத் தூக்கிக்கிட்டு இருக்கணும்? பாவமில்லையா?"

"மெதுவா பேசுடி. அது ஒட்டி ரொம்ப நேரமாச்சு."