மாவு பூசிய தேனீ

மழை விட்ட வெயிலில் கோல்கு தேனீ வளர்க்கும் கூடைகள் ஆவி விடுகின்றன. அவற்றின் முன்னால், கையெல்லாம் பார்லி மாவோடு, பக்கத்து வீட்டு ரோனட் சம்மணமிட்டிருக்கிறாள். யார் பூவில் தேனீ மேய்கிறதோ அவருக்கும் தேனில் பங்குண்டு என்பது எங்கள் அயர்லாந்துச் சட்டம். தன் பூக்களில் உட்கார்ந்த தேனீக்கள்மேல் மாவைத் தூவிவிட்டு வந்திருக்கிறாள்.

"உன் பூவை என் ஈ மோந்துகூடப் பாக்காது," என்கிறான் கோல்கு.

"சும்மா பாருய்யா."

வெள்ளைத் தேனீ ஒன்று தள்ளாடி வந்து கூடை வாசலில் இறங்கி, மாவை உதறுகிறது. ரோனட் சிரிக்கிறாள். கோல்கு வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவருகிறான். அதில் காலையிலேயே அறுத்த தேனடை; மூடிய இலைகூட வாடியிருக்கிறது.

"எடுத்து வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் வம்பு பண்ணுனே?"

"கேட்டதும் குடுத்திருந்தா அப்பவே கெளம்பியிருப்பியே."

கிண்ணம் மடிக்கு வந்துவிட்டது. ரோனட் எழுந்திருக்கவில்லை.