கையேட்டில் ஒரு வரி

துக்க வீட்டுக்கு உதவப் போகிறவர்களுக்கான சர்வதேசக் கையேட்டை, ஆக்லாந்துத் தமிழருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தான் கீதன். புதிதாக வந்திருந்த மேலாளர் சுகந்தினி ஒரு வரியில் நின்றார்.

"'என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள்.' இதை ஏன் வெட்டினீங்கள்?"

"கேட்டால் எங்கட ஆக்கள் ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம், அக்கா. கேக்காமல் சோறு கொண்டு போகோணும்."

"பத்து வீட்டில விசாரிக்கச் சொன்னனான். எத்தினை வீடு?"

"ஒண்டு. இஞ்ச ஆக்லாந்தில, பாபடோயிட்டோய்ப் பக்கம்."

"ஒரு வீட்டை வைச்சு மாத்தேலாது. பழைய வரியே இருக்கட்டும். அது ஆற்ற வீடு?"

"என்ர வீடு. என்ர மனுசி செத்து மூண்டு மாசம். எல்லாரும் என்ன உதவி வேணும் எண்டு கேட்டவை. நானும் வேண்டாம் எண்டனான்."

"ஐயோ தம்பி, உங்களுக்கு என்ன உதவி..." என்று தொடங்கிய சுகந்தினி நிறுத்தினார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார்.